சும்மா இருக்கும் நேரமும் சேர்த்து

சுபிதாவுக்குப் பராக்குப் பார்ப்பது பிறவிக் குணம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் சாம்பார் வந்து போன பிறகுதான் இலையைப் பார்ப்பாள். ராஜாக்கமங்கலத்தில் விதைக்கடை வைத்திருக்கும் அவள் அப்பா பொன்னுலிங்கம், பெண் பார்க்க வந்தவர்களிடமே, "பிள்ள நல்ல பிள்ளதான். ஆளு இங்க இருப்பா, மனசு எங்கயாம் கெடக்கும்" என்று சொல்லியிருக்கிறார். முப்பத்தொரு வயதிலும் அது மாறவில்லை. நாகர்கோவிலில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. ஜன்னலுக்கு வெளியே வேளிமலை. மலைமேல் மேகம் இறங்கும் நாட்களில் வெண்ணெய் பிஸ்கட் வாசனையும் மழை வாசனையும் கலந்து மேலே வரும். அவள் விசைப்பலகையில் கை வைத்தபடியே மலைக்குள் போய்விடுவாள்.

அந்த ஆனி மாதம் ஒரு புகார் வந்தது. திங்கள்சந்தைப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் டோக்கன் கொடுக்கும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தார்கள். பெயரைப் பதிந்து பொத்தானை அழுத்தினால் சீட்டு வர முக்கால் நிமிடம் ஆகிறதாம்.

"எங்க இழுக்குன்னு பாரு மக்ளே" என்றார் மேலாளர் தாணுமாலயன்.

இதற்கென்று புரொஃபைலர் என்ற கருவி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நொடிக்கு நூறு தடவை எட்டிப் பார்த்து, அந்தந்தக் கணம் அது எந்த வேலையில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். கடைசியில், எந்த வேலை எவ்வளவு நேரம் தின்றது என்று படம் போட்டுத் தரும். கட்டளையோடு இரண்டு சிறு கோடும் ஒரு சொல்லும் சேர்த்தால் அதன் போக்கை மாற்றலாம். அப்படிப்பட்ட முப்பது சொற்களில் ஒன்று 'ஐடில்'. உதவிப் பக்கத்தில் அதற்கு நேரே இருந்த விளக்கத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: சும்மா இருப்பவற்றுக்கான தெரிவு.

சேர்க்கவா, விலக்கவா? அது சொல்லவில்லை. விலக்கத்தான் என்று சுபிதா எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று, அந்தச் சொல்லைப் போடாமலே கருவியை ஓட்டினாள். படம் வந்தது. பத்தில் எட்டுப் பங்கு, நோயாளிகளின் வரிசையை ஒழுங்குபடுத்தும் பகுதி. அதை எழுதியவன் பக்கத்து மேஜை ஜெனின்.

ஜெனின் முட்டத்துக்காரன். "எனக்க கோடா இப்பிடி?" என்று ஒருமுறை கேட்டான். பிறகு உட்கார்ந்து இரண்டு வாரம் திருப்பி எழுதினான். ஊரில் கோயில் திருவிழா. கடைசி நாள் தேருக்குக்கூட அவன் போகவில்லை. புதிதாக எழுதியதை ஆஸ்பத்திரியில் ஏற்றினார்கள். சீட்டு வர அதே முக்கால் நிமிடம்.

மறுநாள் மத்தியானம் சுபிதாவே அங்கே போனாள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் பெஞ்சுகளில் இமை மூடிச் சாய்ந்திருந்தார்கள். மின்விசிறி மெல்லச் சுற்றியது. வரவேற்பு மேஜையில் பிரிஜா என்ற பெண் ஒரு பெயரை அடித்துப் பொத்தானை அழுத்தினாள். பின் மோவாயில் கை வைத்து ஏதோ பாட்டை முனகத் தொடங்கினாள். சுபிதாவும் அந்த முனகலில் மிதந்து போனாள். அறை முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல இருந்தது. சீட்டு கரகரவென்று வந்தபோதுதான் அவளுக்கு விழிப்புத் தட்டியது.

"எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா. இது கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பொறவு தானா வரும்" என்றாள் பிரிஜா.

சும்மா இருக்கும். உதவிப் பக்கத்தில் சுபிதா படித்த அதே சொல். அந்தப் பாட்டு நேரம் முழுவதும் நிரல் எதையும் செய்யவில்லை. சும்மா இருந்த நேரம் படத்தில் எங்கே?

மடிக்கணினியை அங்கேயே திறந்து, இரண்டு கோடு போட்டு 'ஐடில்' சேர்த்து ஓட்டினாள். படம் தலைகீழாக மாறியது. ஜெனினின் பகுதி ஓரத்தில் நூல்போல ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி முழுவதும் காத்திருப்பு. ஒரு வருடத்துக்கு முன்னால் கழற்றிப் பரணில் போட்ட பழைய பிரிண்டரை நிரல் ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது. பதில் வராமல் சலித்த பிறகே புதிய பிரிண்டரிடம் போயிற்று. இல்லாத ஒன்றுக்காக அது இத்தனை பொறுமையாகக் காத்திருந்ததை நினைத்து, ஏனோ அவளுக்கு ஒரு கணம் அதன்மேல் பிரியம் வந்தது. பிறகு பழைய பிரிண்டரைக் கூப்பிடும் அந்த ஒற்றை வரியை நிரலிலிருந்து அழித்தாள். அடுத்த சீட்டு பிரிஜா கையை எடுப்பதற்குள் வந்தது.

ஜெனினிடம் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். மாலை, படிக்கட்டில் வைத்துச் சொன்னாள்.

"அப்பம் நான் ரெண்டு வாரம் எழுதுனது?"

"நல்லா இருக்கு ஜெனின். ஆனா தேவையே இல்ல. தப்பு எனக்க மேலதான்."

"நீ ஒருக்கா சரியா வாசிச்சிருக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த நாலு நாளும் சுபிதா மலையைப் பார்க்கவில்லை. உதவிப் பக்கத்தின் அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதி எழுதி அழித்து, கடைசியில் ஒன்றைத் தேற்றினாள்: 'இதைச் சேர்த்தால் சும்மா காத்திருக்கும் நேரமும் கணக்கில் வரும், சேர்க்காவிட்டால் வராது.' ஆங்கிலத்தில் அப்படியே ஆக்கி, கருவியைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். கடல் கடந்த யாரோ ஒருவர் பதில் போட்டார்: "இருப்பதே தெளிவாகத்தானே இருக்கிறது? இதை யார் தப்பாகப் படிப்பார்கள்?"

"நான் படித்தேன்" என்று எழுதினாள் சுபிதா. "என்னால் என்னோடு வேலை செய்பவர் இரண்டு வாரத்தையும் ஒரு திருவிழாவையும் இழந்தார்."

பொதுவில் எல்லோரும் பார்க்கும் இடம் அது. காலையில் வந்து பார்த்தபோது, அவள் எழுதியதற்குக் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது: "அந்த ஆள் நான்தான். அவள் சொல்வது உண்மை. வரியை மாற்றுங்கள். ஜெனின், முட்டம்."

அதற்கும் கீழே ஊர் பேர் தெரியாத பதினேழு பேர், நானும், நானும் என்று எழுதியிருந்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். ஜெனின் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "முட்டம்னு போட்டா அவனுவளுக்குத் தெரியுமாட்டி?" என்றான்.

"தெரியாது" என்றாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

ஒன்பதாம் நாள் வரி மாறியது. அவள் அனுப்பியதை அப்படியே ஏற்று, ஒரே ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்தியிருந்தார்கள். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சுபிதா நன்றாகத் தூங்கிப்போனாள். விழித்தபோது வண்டி அவள் ஊரைத் தாண்டி, கடலோரம் ராஜாக்கமங்கலம் துறையில் நின்றிருந்தது. வண்டி திரும்பிப் புறப்பட அரை மணி நேரம் ஆகும் என்றார் நடத்துநர். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையை நோக்கி நடந்தாள்.