காலரா மாசத்தில் என் முதல் தையல்

ஹவுஸ் சர்ஜனாகத் தூத்துக்குடியில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் புடவைகளைவிட அறுவைப் புத்தகங்கள்தான் அதிகம். யுத்தத்துக்கு ஆண் டாக்டர்கள் பலர் போய்விட்டதால் எனக்கு அந்த இடம் கிடைத்தது. ஆறு மாதம். முடிந்ததும் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக உத்தரவு தயாராக இருந்தது. அதற்குள் வயிற்றைத் திறந்து தைக்கக் கற்றுக்கொண்டால் உண்டு. இல்லாவிட்டால் அறுவை என்பதைக் கடைசிவரை எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் கொக்கி பிடித்தேன். பெரிய டாக்டர் அறுப்பார். நான் சதையைக் கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை மரத்துப்போகும். ஆனாலும் அவ்வளவு சந்தோஷம்! "அடுத்த மாசம் ஊசியைக் கையில் தருகிறேன்" என்றார். அடுத்த மாசம் காலரா வந்தது.

தியேட்டரைப் பூட்டினார்கள். குடலிறக்கம், கட்டி, மூலம் என்று நாள் குறித்து வைத்திருந்தவர்களை எல்லாம் "அப்புறம் வாங்க" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கத்தி கத்தரிகளைக் கொதிக்க வைத்த பாத்திரங்களில் இப்போது உப்புநீர் கொதித்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் ஓலைக் கொட்டகை போட்டு வரிசையாகக் கட்டில்கள். என் வேலை, வற்றிச் சுருங்கிய கைகளில் ரத்தக்குழாயைத் தேடிப் பிடித்து உப்புநீர் ஏற்றுவது.

வேலை பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். கண் குழிவிழுந்து பிணம் மாதிரி வந்த ஆள், புட்டி புட்டியாக ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து, "இது நம்ம உப்பளத்து உப்பா தாயி? காசு குடுத்தா வாங்குனீய?" என்று கேட்பார். யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நாட்காட்டியில் தாள்கள் குறைந்துகொண்டே வந்தன. ஊசி இன்னும் என் கைக்கு வரவில்லை.

அப்போதுதான் கணவாய் மீன் கண்ணில் பட்டது. எங்கள் மெஸ்ஸில் ஊசிக்கணவாய் அடிக்கடி வரும். தலையைப் பிடுங்கிச் சுத்தம் செய்தால் மிச்சம் ஒரு வெள்ளைக் குழாய். குடலேதான்! சமையல்கார அக்காவிடம் கெஞ்சி நாலு வாங்கிக்கொள்வேன். குறுக்கே இரண்டாக வெட்டி, பட்டு நூலால் மறுபடி ஒட்டத் தைத்து, ஒரு நுனியைக் கட்டிவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றுவேன். ஒழுகும். பிரித்துத் தைப்பேன். மறுபடி ஒழுகும். தைத்ததெல்லாம் குழம்புக்குத்தான் போகும்.

"ஏளா, நூலைப் பிடுங்கிட்டுத் தரக்கூடாதா?" என்று அக்கா ஒருநாள் கரண்டியோடு வந்தாள். "நர்சம்மா பல்லுல நூலோட திரியுதா. உலகத்துல எவளாவது மீனுக்கு ரவிக்கை தைப்பாளா?"

அதோடு விடாமல் பெரிய டாக்டரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

தண்ணீர் ஒழுகாமல் நிற்கத் தொடங்கிய சமயம், ஒரு முற்பகலில், துறைமுகத்தில் பஞ்சுப்பொதி தூக்குகிறவர் ஒருவரைக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். விடாத வாந்தி. உப்புநீர் ஏற்றக் கையைப் பிடித்தேன். ரத்தக்குழாய் கயிறு மாதிரி புடைத்து நின்றது. தேடவே வேண்டாம். 'அப்பாடா' என்று ஊசியை எடுத்தவள் நின்றுவிட்டேன். காலராக்காரர் கை இப்படி இருக்காதே! கீழே பார்த்தால் வேட்டியும் நனையவில்லை.

"வயித்தால எத்தனை தடவை போச்சு அண்ணாச்சி?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவிதான், கையில் செபமாலையோடு, பதில் சொன்னாள்.

"எங்க போச்சு? முந்தாநாள்ல இருந்து ஒண்ணுமே போவல. வாந்தின்னு சொன்னதும் வாசல்ல நின்னவன் இங்கன கொண்டாந்து தள்ளிட்டான்."

வேட்டியைத் தளர்த்தச் சொன்னேன். இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். "ஆம்பள டாக்டரு வரட்டும்."

"அவுக வாரதுக்குள்ள நீரு போய்ச் சேந்துருவீரு! பொதி தூக்குதேன் பொதி தூக்குதேன்னு குடலு எறங்குனதச் சொல்லாமத் திரிஞ்ச மனுசன். விடும்யா கைய!"

கையை அவளே விலக்கினாள். தொடையிடுக்கில் மாங்காய் அளவு வீக்கம், கல் மாதிரி. தொட்டதும் அலறினார். இறங்கிய குடல் இறுகிச் சிக்கிக்கொண்டிருந்தது.

கொட்டகையின் மறுகோடிக்கு ஓடினேன். "காலராக் கொட்டகையில் குடலிறக்கமா?" என்றார் பெரிய டாக்டர். "உனக்கு அறுக்க ஆசை. பார்க்கிறதெல்லாம் அதாகத்தான் தெரியும்." ஆனால் வந்தார். ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "தியேட்டரைத் திறக்கச் சொல்."

முதுகுத்தண்டில் மருந்து ஏற்றினோம். இடுப்புக்குக் கீழே மரத்தது, வாய் மரக்கவில்லை. "மாதாவே, என்னத்த அறுக்காவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடலில் ஒரு சாண் கத்தரிக்காய்த் தோல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பெரிய டாக்டர் அதை வெட்டி எடுத்தார். இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கணவாய்க்காரி, இந்தப் பக்கம் வா."

கணவாய் அசையாது. இது சூடாக நெளிந்தது, வழுக்கியது. முதல் தையலிலேயே ஊசி நழுவிற்று. "எந்தக் கப்பலைப் பிடிக்க ஓடுகிறாய்? மெதுவாக" என்றார். தைத்தேன். ஒன்றை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி போடச் சொன்னார். போட்டேன். வெளியே வந்து கையுறையைக் கழற்றியபோது பறக்கிற மாதிரி இருந்தது. உடனேயே பயம் வந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்க்க முடியாதே! தையல் ஒழுகினால் வயிறு வீங்கும், ஜுரம் வரும், ஆள் போய்விடுவார். தையல் நின்றது என்பதற்கு ஒரே அடையாளம் காற்றுப் பிரிவது. அதுவரை அவருக்குக் கஞ்சிகூடக் கிடையாது.

கொட்டகை வேலைக்கு நடுவே அவர் கட்டிலுக்கு ஓடி ஓடி வந்தேன். "காத்து பிரிஞ்சுதா அண்ணாச்சி?" முகட்டைப் பார்த்துக்கொண்டு, "இல்ல தாயி" என்பார். மறுநாளும் அதே. அடுத்த நாள் காலையிலும் அதே முகடு, அதே "இல்ல தாயி".

பெரிய டாக்டர் சுற்றி வந்தபோது வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. "இன்னுமா பிரியவில்லை?"

மனைவி அதற்குமேல் பொறுக்கவில்லை. "வெள்ளென எந்திரிச்சதுல இருந்து பிரியுதுய்யா! எனக்கே மூக்கப் பொத்த வேண்டியிருக்கு. பொட்டப்புள்ள கேக்குது, எப்பிடிச் சொல்லுததுன்னு வெக்கப்பட்டுக் கெடக்காரு. அந்தப் புள்ள பாவம், மொகம் செத்துப் போய் அலையுது!"

அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். நான் போர்வையை விலக்கி, சிரிப்பும் அழுகையுமாக, "நெசமாவா அண்ணாச்சி?" என்றேன். வாயால் பதில் வரவில்லை. ஆனால் பதில் வார்டு முழுக்கக் கேட்டது.

பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர், "போதும்வே, நம்பிட்டாக" என்றார்.

பெரிய டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "கஞ்சித்தண்ணி கொடு" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார். கஞ்சியை நர்ஸ் கொண்டுவரும்வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. நானே அடுப்படிக்கு ஓடினேன்.