சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம்

திருப்பூரில் இத்தனை ஆண்டுகள் குடியிருந்தும் என் உடம்புக்குச் சரியான ஒரு பனியனை இந்த ஊரில் நான் வாங்கியதில்லை. கடைகளில் கிடைத்தவை எல்லாம் ஏற்றுமதியில் கழித்துக் கட்டியவை. ஒன்று, தோள்பட்டை என் முழங்கைவரை இறங்கும். இல்லையென்றால் தலை நுழையாது. கேட்டால் கடைக்காரர், “ஒருக்கா தொவைச்சாச் சரியாப் போயிருமுங்க” என்பார். எது துவைத்தால் சுருங்கும், எது துவைத்தால் நீளும் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை.

சாப்பாட்டுக் கடைகளின் கதை இன்னும் மோசம். எண்பதுகளின் கடைசியில் நல்லூரில் எங்கள் தெருமுனையில் ஒரு மெஸ் வந்தது. வாசலில் குழம்பு வாசனை ஆளை இழுக்கும். மனைவி ஊரில் இல்லாத ஒரு நாள் போய் உட்கார்ந்தேன். மேசை துடைத்துக்கொண்டிருந்தவர் மரியாதையாகக் கேட்டார்.

“டோக்கன் குடுங்க. எந்தக் கம்பெனிங்க?”

“தாலுகா ஆபீஸ்.”

அவர் சுவரில் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, “அந்தக் கம்பெனி நம்மகிட்ட இல்லீங்களே” என்றார்.

கையில் காசு இருக்கிறது என்றேன். காசு வாங்கினால் கணக்கு குழம்பிவிடும் என்றார். பின்னலாடைக் கம்பெனிகளோடு பேசி வைத்துக்கொண்டு ஷிப்ட் ஆட்களுக்குச் சோறு போடும் கடை அது. காசு கொடுத்துச் சாப்பிட வருகிறவனை அவர்கள் எதிர்பார்க்கவே இல்லை. பசியோடு எழுந்து வந்தேன். “வாங்க, போயிட்டு வாங்க” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். இந்த ஊரில் கோபப்படுவதில் உள்ள பெரிய சிரமம் இதுதான். எதிராளி ஒத்துழைக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் என் மனைவிக்குப் பாட வேண்டும் என்று ஆசை.

அவள் சாமளாபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு ஆசிரியை. பாட்டு வகுப்பு என்பது கணக்கு ஆசிரியர் பாடத்தை முடிக்காதபோது எடுத்துக்கொள்ளும் வகுப்பு என்று அரசாணை எதுவும் இல்லை. ஆனால் எல்லாப் பள்ளிகளிலும் அப்படித்தான் நடந்தது. சிறுவயதில் குரு ஒருவரிடம் முறையாகக் கற்று, கீர்த்தனைகளும் ராகம் பாடுவதும் கைவந்தவள். ஆண்டு விழா, மாவட்ட அதிகாரி வருகை, புதுக் கட்டடத் திறப்பு என்று எதுவானாலும் மேடையில் முதலில் இறைவணக்கம் பாட அவளைக் கூப்பிடுவார்கள். இரண்டு நிமிடம். அதற்குள் மேடையில் இருப்பவர்கள் நாற்காலியைச் சரிசெய்துகொள்வார்கள், மைக் செட்காரர் ‘ஹலோ’ சொல்லிப் பார்ப்பார். பாட்டு முடிந்ததும்தான் விழா தொடங்கியதாகக் கணக்கு. இருபது வருடங்களுக்கு மேல் இந்த இரண்டு நிமிடத்தையே பாடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னிடம், “ஏனுங்க, ஒரே ஒரு தடவை, ராகம் ஆலாபனையெல்லாம் பண்ணி, ஒன்றரை மணி நேரம் முழுசாப் பாடிட்டாப் போதும்” என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்பவள் அல்ல. அதனால் இதைச் சும்மா விட முடியவில்லை.

ஊரில் இசைக்கென்று ஒரு சபா இருந்தது, அரங்கம்தான் இல்லை. அதன் செயலர் வங்கியில் அதிகாரி. மிருதங்கமும் அவரே வாசிப்பார். இடமாற்றத்தில் வந்த வங்கிக்காரர்களும் தொலைபேசித் துறையினரும் ஓய்வுபெற்ற சிலரும்தான் உறுப்பினர்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை வைத்து எழுந்து போவார்கள், பாட்டு எங்கே நிற்கிறது என்பதை வைத்து அல்ல. கச்சேரிகள் கல்யாண மண்டபத்தில்தான் நடக்கும். ஆகவே ஊரில் யாரும் கல்யாணம் பண்ணாத நாட்களில் மட்டுமே திருப்பூரில் சங்கீதம் உண்டு. ஆடி மாதமும் மார்கழி மாதமும் எங்களுக்குச் சங்கீத மாதங்கள் ஆனதற்குப் பக்தி காரணமில்லை.

செயலர் என் மனைவிக்கு ஒரு நாள் ஒதுக்கினார். ஆடியும் மார்கழியும் அல்லாத நாள். நான் பஞ்சாங்கம் பார்த்தேன். தேய்பிறை, வாரநாள், முகூர்த்தம் கிடையாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கினேன். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வாங்கினேன். இலவச நிகழ்ச்சிக்குக் கேளிக்கை வரி கிடையாது என்பது எனக்குத் தெரியும். அது கிடையாது என்பதற்கும் ஒரு தாள் வாங்கி வைத்தேன். அலுவலகத்தில் இருபத்தைந்து வருடம் அடுத்தவர் மனுவில் குறை கண்டுபிடித்தவன். என் மனுவில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மற்ற ஏற்பாடுகளை ஊர் பார்த்துக்கொண்டது, அதாவது கெடுத்தது. தம்புராவில் ஒரு தந்தி அறுந்திருந்தது. ஊசி, நூல், எலாஸ்டிக், பட்டன், லேபிள் எல்லாம் விற்க ஒரு தெருவே உள்ள ஊரில் தம்புராத் தந்தி ஒன்று கிடைக்கவில்லை. வாத்தியக் கடை என்று பலகை போட்டிருந்த இடத்தில் பேண்டு வாத்திய டிரம்மும் பஜனைக்கு ஜால்ராவும் இருந்தன. கடைக்காரர் யோசித்துவிட்டு, “நைலான்ல இருக்குதுங்க. அறுவவே அறுவாது. போட்டுப் பாருங்களே” என்றார். கோயம்புத்தூருக்குப் போய் வாங்கி வந்தேன். வயலின் வாசிக்கவும் அங்கிருந்தே ஒருவரைப் பேசி வரவழைத்தோம்.

அவள் வீட்டில் சாதகம் செய்தது கேசட் பதிவு செய்து தரும் கடைக்கு எதிரே. அந்தக் கடைக்காரர் வாசலில் ஆளுயரத்துக்கு இரண்டு பெட்டி வைத்து, பதிவு சரியாக வந்திருக்கிறதா என்று ஊருக்கே போட்டுக் காட்டுவார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் உடனே குறைப்பார். நான் தெருவைக் கடந்து வீட்டுப் படி ஏறுவதற்குள் பழைய அளவுக்கு வந்திருக்கும். அந்தச் சத்தத்துக்குள் அவள் காம்போதி ராகத்தை மெருகேற்றினாள். அதுதான் கச்சேரியின் மையம் என்று வைத்திருந்தாள்.

கச்சேரி அன்று மாலை மண்டபத்துக்குப் போனபோது வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. சபாவுக்கு வாழைமரம் கட்டும் வழக்கம் இல்லையே என்று நினைக்கும்போதே, மாடி அரங்கிலிருந்து மெல்லிசைக் குழு டிரம்மைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது.

மண்டப உரிமையாளர் கை கூப்பிக்கொண்டு வந்தார். தோட்டம் வைத்திருந்த குடும்பம்; இப்போது இரண்டு தையல் யூனிட்டும் இந்த மண்டபமும் உண்டு.

“வாங்க சாமி, வாங்க. அம்மிணி வாங்க.”

“என்னங்க இது? இன்னைக்கு முகூர்த்தமே இல்லையே.”

“கல்யாணம் போன வாரமே வெள்ளகோயில் பக்கம் கோயில்ல முடிஞ்சுதுங்க. இது ரிசப்ஷன். பொண்ணு வீட்டுக் கம்பெனியோட பையரு பாரின்ல இருந்து இன்னைக்குத்தான் வந்திருக்காருங்க. நாளைக்குப் பொறப்படறாரு. அவரு இருக்கறப்பவே வெச்சுரலாம்னு பொண்ணோட அப்பா ஆசைப்பட்டாப்ல.”

பஞ்சாங்கத்தில் ராகுகாலம் உண்டு, எமகண்டம் உண்டு. பனியன் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் வரும் நாள் அதில் போடுவதில்லை. ரசீதை எடுத்து நீட்டினேன்.

“இந்தத் தேதி, இந்த மண்டபம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“இல்லீன்னு யாருங்க சொன்னா? மண்டபம் உங்களுதுதானுங்க. கீழ டைனிங் ஹாலும் மண்டபந்தானுங்களே. எட்டு மணி வரைக்கும் தாராளமாப் பாடுங்க. அதுக்கப்பறந்தான் பந்தி.”

“உரிமத்துல அந்த இடத்துக்கு உணவு பரிமாறற உபயோகம் மட்டுந்தான் காட்டியிருக்கு.”

“உங்களுக்குத் தெரியாததுங்களா சாமி. நீங்க பாத்து வாங்கிக் குடுத்த லைசென்ஸ்தானுங்களே அது.”

அது உண்மை. கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், இழப்பீடு கோரலாம், புகார் தரலாம் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது மனைவி, “ஏனுங்க, சும்மா இருங்க. ஜமுக்காளம் எங்கன்னு கேளுங்க” என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் நான்கு மேசைகளை ஒதுக்கி ஜமுக்காளம் விரித்தார்கள். பின்னால் கைகழுவும் தொட்டி. பக்கவாட்டுக் கதவுக்கு அப்பால் சமையல். சபா உறுப்பினர்களும், சாமளாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அவளுடைய பள்ளி ஆசிரியைகளும் சாப்பாட்டு நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். ஆறரைக்கு வர்ணம் தொடங்கினாள். மேலே சினிமாப் பாட்டு தொடங்கியது. கூரை அதிர்ந்தது. செயலரின் மிருதங்கம் ஒரு தாளத்தில், கூரை வேறொரு தாளத்தில். வயலின்காரர் கோயம்புத்தூர் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. அரை மணி நேரத்தில் சபா உறுப்பினர்கள் வழக்கம்போல் ஒவ்வொருவராகக் கடிகாரம் பார்க்கத் தொடங்கினார்கள். மனைவி கண்களைத் திறக்காமல் பாடிக்கொண்டிருந்தாள்.

ஏழரைக்கு முன்பே மேலே இசை நின்றுவிட்டது. பையர் அன்றிரவே கோயம்புத்தூர் திரும்ப வேண்டுமாம். அதனால் பந்தியைச் சீக்கிரம் போடச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டில் ஆட்கள் இறங்கும் சத்தம் கேட்டது. பட்டுப் புடவைகள், வெள்ளை வேட்டிகள், கம்பெனி மேனேஜர்கள், நடுவில் கோட்டுப் போட்ட பையர். சமையல் கதவு திறந்து சாம்பார் வாளியோடு பரிமாறுகிறவர்கள் வந்து நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் முதன்முறையாகக் கூடத்தில் சத்தமில்லாமல் இருந்தது. என் மனைவி காம்போதியை எடுத்தாள்.

இறங்கி வந்த கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. ஒரு பெண்மணி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கும்போது முன்னால் போய் இலை போடுவது எப்படி? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உரிமையாளர் பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். அவர் பையரைப் பார்த்தார். பையர், இது சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்தாரோ என்னவோ, கைகூப்பி நின்றார். அவர் நின்றதால் மேனேஜர்கள் நின்றார்கள். மேனேஜர்கள் நின்றதால் மற்ற எல்லோரும்.

“முடிஞ்சிருமுங்களா?” என்று உரிமையாளர் என் காதருகே கேட்டார்.

“இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா.”

“ரசம் ஆறிப்போயிருமுங்க. சொல்லிப் பாருங்களேன்.”

“நீங்க சொல்லுங்க.”

“பாடறப்ப எப்படிங்க சொல்றது?”

சங்கடம் எனக்கும்தான். எட்டு மணி வரை எங்களுக்கு உரிமை உண்டு என்பதை அவ்வளவு பேர் பசியோடு நிற்கும்போது யாரிடம் வாதிடுவது? அவள் ஒருமுறை கண்ணைத் திறந்தபோது கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினேன். பார்த்தாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு மேல் ஷட்ஜத்தில் நின்றாள். ஒரு குழந்தை “அம்மா, சோறு” என்றது. யாரோ அதை வெளியே தூக்கிப்போனார்கள்.

ஆலாபனை முடிந்து, வயலின் வாசித்து, கீர்த்தனை பாடி, ஸ்வரமும் பாடினாள். மேடையில் எத்தனையோ அதிகாரிகளுக்கு முன்னால் இரண்டு நிமிடத்தில் நிறுத்தியவள், இங்கே ஒரு அடியையும் விட்டுக் கொடுக்கவில்லை. செயலர் மிருதங்கத்தைச் சுருக்கமாக முடிக்கப் பார்த்தார். அவள் அவர் பக்கம் திரும்பித் தலையசைத்து இன்னொரு சுற்று வாசிக்க வைத்தாள். மங்களம் பாடி முடித்தபோது எட்டு.

கைதட்டல் பெரிதாக இருந்தது. பாட்டுக்கா, முடிந்ததற்கா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அடுத்த கணம் நாற்காலிகள் இழுபட்டன. மிருதங்கம் உறைக்குள் போவதற்குள் அதன் மூக்கருகே இலை விழுந்தது. எங்களையும் உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பாவே வந்து என் மனைவிக்கு இனிப்பு வைத்தார்.

“நிக்க வெச்சுட்டீங்களே அம்மிணி.”

“உக்காந்திருக்கலாமுங்க. நானா வேண்டாம்னேன்?”

“பாடறப்ப இலையப் போட்டா நல்லாருக்குமுங்களா?” என்று சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போனார்.

அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினேன். உரிம நிபந்தனை மீறல், முன்பதிவு விதி மீறல், நாளைக்கே மனு எழுதுகிறேன் என்றேன்.

“எழுதுங்க. அடுத்த தடவையும் விசேஷம் இருக்கற நாளாக் குடுங்கன்னு அதுலயே சேத்தி எழுதிருங்க.”

“எதுக்கு?”

“சபாக்காரங்க பாதிப் பேரு காம்போதிக்கு முன்னாலயே பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. இவிய ஒருத்தரும் நகரலையே.”

“அவிய சோத்துக்கு நின்னாங்க.”

“நின்னாங்கல்ல?”

அதற்கு மேல் பேச முடியாதபடி அவள் குரல் கம்மியிருந்தது. ஒரு டம்ளர் வெந்நீர் குடித்தால் தேவலை என்று சைகை காட்டினாள். தெரு முழுக்க மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, விளக்குகள் எரிந்தன. திறந்திருந்த ஒரே கடையில் கேட்டேன். ஐஸ் போட்ட சர்பத்துதான் இருக்கிறது, வெந்நீர் வைப்பதில்லை என்றார்கள், மிக மரியாதையாக.