நினைவஞ்சலியில் வந்த படம்

பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணப் பிரிவில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்தே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. டோல் சாவடியில் கார்டு வேலை செய்யாவிட்டால்கூட வியர்த்துவிடும். மேசைக்குப் பின்னால் இருந்த மலாய்க்கார அதிகாரி, எல்லாரும் மரியாதையாகப் புவான் என்று அழைக்கும் அம்மாள், நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். படங்களின் பிரதியை நூலகமே எடுத்துக் கொடுக்கும். ஆய்வுக்கு மட்டும்தான். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, எதிலும் வெளியிடக் கூடாது. மீறினால் அந்தப் படத் தொகுப்பையே தொட முடியாது. புரிந்ததா என்று கேட்டார். மாடு மாதிரி தலையை ஆட்டினேன்.

என் முதுகலை ஆய்வே அந்தத் தொகுப்பை நம்பித்தான். மலேசியத் தோட்டங்களில் மூடிப்போன தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியது. ஒரு தோட்டக் கம்பெனி கொடுத்துவிட்டுப் போன பெட்டிகளில்தான் படங்கள் எல்லாம் இருந்தன. வேலைக்கும் போய்க்கொண்டு, விடுமுறை நாளெல்லாம் குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ஓடி ஓடிப் படித்தேன். அது கையைவிட்டுப் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அப்படி வாங்கிய பிரதி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் குறிப்பெடுத்தபோது அம்மா பார்த்துவிட்டார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம். நூலகத்தின் பெயர் சாம்பல் எழுத்தில் குறுக்கே ஓடும். அம்மா சிறுவயதில் இருந்த தோட்டம் அது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு, காது விடைத்த ஒரு பையன்மேல் விரலை வைத்தார்.

"எங்க அண்ணன்டி."

சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்ட அண்ணன். வீட்டில் அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அம்மா அழுத அழுகையில் எனக்குச் சட்டதிட்டமெல்லாம் பறந்துவிட்டது. ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். "சாமி ரூமோட இருக்கட்டும்மா. வெளிய போகக் கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

கேட்டால்தானே! கடையில் அந்தப் பையனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, பொட்டும் மாலையுமாக மாட்டினார். அதோடு விட்டாரா? திதி வந்ததும் எனக்குத் தெரியாமல் தமிழ்ப் பேப்பரில் நினைவஞ்சலியும் கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை பேப்பரைப் பிரித்தால் பையன் என்னைப் பார்த்து நிற்கிறான். மார்பின் குறுக்கே நூலகத்தின் பெயரில் பாதி. கீழே மாமாவின் பெயர், தங்கை குடும்பம் என்று ஒரு வரி, தொடர்புக்கு என் கைப்பேசி எண்.

"அலமாக், போச்சு! என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"எல்லா வீட்டுலயும்தான் போடுறாங்க. எங்க அண்ணனுக்கு மட்டும் போடக் கூடாதா?"

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நூலகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாதே என்று ஒரு நிமிஷம் ஆறுதல் வரும். படத்தைப் பார்க்கத் தமிழ் எதற்கடி என்று அடுத்த நிமிஷமே உள்ளுக்குள் குரல் கேட்கும்.

பிறகு கைப்பேசி அடித்தது. எண் 07 என்று தொடங்கியது. நூலகத்து எண்ணும் அப்படித்தான் தொடங்கும். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், தமிழில்.

"காஹாங்லேர்ந்து பேசுறேங்க. பேப்பர்ல நீங்க போட்டிருக்கிறது எங்க அப்பா படம். அவரு நல்லா இருக்காருங்க. இப்பதான் ரொட்டி சாப்பிட்டாரு."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பெரியவரே போனை வாங்கிவிட்டார். "ஏம்மா, அதுக்குள்ள என்னைய அனுப்பி வெச்சிட்டீங்களே!" என்று சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "பேரப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. என் தோள்ல ஒரு கை கெடக்கு பாரு. அது உங்க மாமன் கை. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. கைய எடுடான்னு வாத்தியார் சத்தம் போட்டும் எடுக்கல."

பேப்பரைப் பார்த்தேன். பையனின் தோளில் நாலு விரல்கள், மணிக்கட்டோடு வெட்டப்பட்டு. மாமாவை வெட்டி எறிந்துவிட்டு அவர் சிநேகிதருக்கு மாலை போட்டிருக்கிறோம்.

நூலகத்தை நினைத்துப் பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது? ஒரு வழியாகச் சொன்னேன். "ஐயோ, உயிரோட இருக்கறவருக்கா!" என்று அலறி, முதல் வேலையாக மாலையைக் கழற்றிப் பொட்டைத் துடைத்தார். முழுப் படத்தையும் எடுத்து, பக்கத்தில் நின்ற பையனைக் காட்டினேன். சாம்பல் எழுத்து சரியாக அவன் கண்ணிலும் மூக்கிலும் ஏறிக் கிடந்தது.

அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். "இவனா?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்கதாம்மா சொல்லணும்."

"எனக்கு மூஞ்சி ஞாபகம் இல்லடி. ரொம்ப வருஷமாவே இல்ல. கூடப் பொறந்தவன் மூஞ்சி மறந்துபோச்சுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? காது அப்படித்தான் இருந்த மாதிரி இருந்துச்சு, அவன்தான்னு வெச்சுக்கிட்டேன்." முந்தானையால் அந்த எழுத்தைத் தேய்த்துப் பார்த்தார். "இது இல்லாம ஒரு தரம் பாக்கணும்."

எழுத்து இல்லாத மூலப்படம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மறுநாள் நானே நூலகத்து எண்ணை அழுத்திப் புவானிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேப்பர் ஏற்கெனவே அவர் மேசைக்கு வந்திருந்தது. இனி எனக்குப் பிரதி கிடையாது, படிக்கும் அனுமதி பற்றிக் குழு கூடி முடிவு செய்யும் என்றார். குரலில் இரக்கமும் இல்லை, கோபமும் இல்லை. அம்மா வந்து ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டேன். வரச் சொன்னார்.

படிக்கும் அறையின் குளிரில் அம்மா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். புவான் கையுறை போட்டு, உறையிலிருந்து படத்தை எடுத்து அம்மா முன்னால் வைத்தார். இரண்டு பையன்களும் தெளிவாக நின்றார்கள்.

அம்மா மூக்குக் கண்ணாடியை மடியிலேயே வைத்திருந்தார்.

"போட்டுக்குங்கம்மா."

"இருடி," என்றார். கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "பாத்தும் ஞாபகம் வரலன்னா?"