மன்றாட்டுச் சீட்டில் எழுதிய தம்பி

நான்காவது நாளும் அவன் நேரலைக்கு வராதபோது, ஆள் செத்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் நாள் காய்ச்சல் என்று வைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சாலை விபத்து. மூன்றாம் நாள் ஆற்றில் விழுந்தான். நான்காம் நாள் அந்த ஆற்றுக்குள் ஒரு முதலையையும் கொண்டுவந்து விட்டேன்.

அவன் ஜொகூரில் ஏதோ ஒரு ஆற்றங்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு, எதிரே கைப்பேசியை நிறுத்தி, மாலை ஐந்தரையிலிருந்து ஏழு மணிவரை உலகத்தோடு தமிழில் பேசுகிறவன். முப்பது வயதிருக்கும். நான் மலாக்காவில், பத்து பெரண்டாம் என்ற ஊரில், தொழிற்சாலைப் பகல் ஷிப்டை முடித்து, குளித்துவிட்டு, தேத்தண்ணியோடு உட்காரும் நேரமும் அதுதான். ஒன்றரை வருடமாகப் பார்க்கிறேன். அவன் உருப்படியாக ஒரு மீன் பிடித்ததில்லை. ஒருமுறை செருப்பு வந்தது. ஆனால் மழை வந்தால் அவனுக்கு வலது முட்டி வலிக்கும், மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், இஞ்சி தட்டிப் போடாத தேத்தண்ணி இறங்காது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கடைசி வாரம் இருமிக்கொண்டே இருந்தான். ‘இஞ்சியைக் கூட்டு’ என்று எழுதிப் போட்டேன். படிக்கவில்லை.

ஒரே ஒருமுறை படித்திருக்கிறான், போன வருடம். “மலாக்கா அண்ணே, சாப்டாச்சா?” என்றான். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் காது மடல் சூடானது. ‘ஆச்சு’ என்பதற்கு நான் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் யாரோ ஒரு சிரம்பான் அக்காவை விசாரிக்கப் போய்விட்டான்.

“அவன் உங்களுக்கு யாருங்க?” என்றாள் மனைவி, ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது.

தெரிந்த பையன் என்றேன்.

“அவனுக்கு உங்கள தெரியுமா?”

இவளோடு இதுதான் தொல்லை. முதல் கேள்விக்கு நாம் மூச்சு வாங்குவதற்குள் இரண்டாவதைக் கேட்டுவிடுவாள். தோசையைப் பிய்த்தேன்.

அன்றைக்குப் பூசைக்கு முன்பு தேவாலய வாசலில் மன்றாட்டுச் சீட்டு ஒன்றை எடுத்தேன். நமக்கு வேண்டியவர்களுக்காக எல்லோரையும் ஜெபிக்கச் சொல்லி எழுதிப் போடும் சீட்டு. யாருக்காக, என்ன உறவு, என்ன வேண்டுதல், கீழே நம் பெயர். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவனுடைய சேனலின் பெயர்தான் தெரியும், அது ஒரு மீனின் பெயர். கெளுத்திக்காக ஜெபிக்கச் சொன்னால் பாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அந்த இடத்தைக் காலியாக விட்டேன். உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நண்பன் என்று போட நேரில் பார்த்ததில்லை. நான் அவன் ரசிகன் என்று எழுத இந்தத் தொப்பைக்கு வெட்கமாக இருந்தது. அவன் என்னை அண்ணே என்றானே, அப்படியானால் அவன் தம்பிதானே என்று எனக்கு நானே வழக்காடி ஜெயித்து, ‘தம்பி’ என்று எழுதினேன். வேண்டுதல்: உயிரோடு இருக்க வேண்டும்.

அந்தச் சீட்டை ஒலிபெருக்கியில் படித்தார்கள், என் பெயரையும் சேர்த்து. கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு இருப்பது ஒரே தம்பி. லூபோக் சீனா என்ற ஊரில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். மனைவி என் தொடையைக் கிள்ளிய இடம் மூன்று நாள் நீலமாக இருந்தது.

பூசை முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா அழுதேவிட்டார். அவரிடம் போய், இது அந்தத் தம்பி இல்லை, தூண்டில் போடுகிற தம்பி என்று எப்படிச் சொல்வது? தலையைத் தலையை ஆட்டிவைத்தேன்.

மத்தியானத்துக்குள் சேதி லூபோக் சீனாவுக்குப் போய்விட்டது. தம்பி கூப்பிட்டான். கிறிஸ்மஸுக்குப் பிறகு அன்றைக்குத்தான் கூப்பிடுகிறான். நன்றாக இருப்பவனுக்கு ஜெபமா என்று திட்டப்போகிறான் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். குரல் தணிந்து வந்தது.

“அண்ணே, உங்களுக்கு யாரு சொன்னா? நான் வீட்டுல மட்டும்தான் சொன்னேன்.”

என்னவென்று கேட்டிருக்க வேண்டும். “யாரு சொன்னா என்னலா” என்றேன்.

அவனே சொன்னான். இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. கால்சட்டையெல்லாம் இடுப்பில் நிற்பதில்லை. புதன்கிழமை ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கப் போகிறார்கள்.

“அப்பாவுக்கும் வயித்துலதானண்ணே வந்துச்சு” என்றான்.

இந்தத் தடவை எனக்கு முதலை எதுவும் தோன்றவில்லை. ஜொகூர்க்காரனின் முட்டிவலி தெரிந்த எனக்கு, ஒரே வயிற்றில் பிறந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பது தெரியாது. அவனோடு எனக்கு இருந்ததாவது ஒருதலை உறவு. இவனோடு இருந்ததற்குத் தலையே இல்லை. புதன்கிழமை நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

புதன்கிழமை அவன் உள்ளே போன நேரம் முழுக்க, எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் வரிசை தப்பிச் சொன்னேன். வெளியே வந்த டாக்டர், புண்தான், அப்பாவுக்கு வந்த புற்றுநோய் இல்லை, மாத்திரையில் ஆறிவிடும் என்றார். அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

மருந்து வாங்கும் முகப்பில் எண் எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். மணி ஐந்தரை. சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. கை தானாகத் திறந்துவிட்டது. அதே ஆறு, அதே தூண்டில், பல் தெரியும் அதே சிரிப்பு. ஆற்றில் விழுந்தது அவன் இல்லையாம், அவன் கைப்பேசியாம். கடையில் கொடுத்துவிட்டு வீட்டில் நன்றாகத் தூங்கினானாம். சடுதியில் வந்த ஆத்திரத்தில், செத்திருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று நினைத்தேன்.

“யாரண்ணே இது?” தம்பி தலையை நீட்டினான்.

அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. சீட்டு, கெளுத்தி, தம்பி என்று எழுதியது, எல்லாவற்றையும் சொன்னேன். முகப்பில் இரண்டு எண்கள் போயின. எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

“அப்ப ஜெபம் அவனுக்கு, கொழா எனக்கா?”

என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கிப் பார்த்தான்.

“ஏதாச்சும் பிடிப்பானா?”

“மாட்டான்.”

“அப்பறம் ஏன்லா பாக்குறீங்க?”

எங்கள் எண் வந்தது. தம்பி எழுந்து கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“அடுத்த தடவ பேர போட்டு எழுதுங்கண்ணே” என்றான். என் கைப்பேசியைத் திருப்பித் தராமலே, அதைப் பார்த்துக்கொண்டே மருந்து வாங்கப் போனான்.