ஊற்றில் வைக்க விடாத கால்

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். எனக்கு இருபத்திரண்டு வயது. மாசியில் மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டுக்கு ஏறிப் போய், ஒரு வாரம் தங்கி மிளகு வாங்கி வருவேன்.

மலைத்தண்ணீர் குடித்தால் குளிர்காய்ச்சல் வரும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம். அதனால் வீட்டுத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் நிரப்பித் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஏறுவேன். கீழே ஊர் ஊராகச் சுற்றும்போது கண்ட கிணற்றிலும் குடிப்பவன்தான் நான். மலையில் மட்டும் அவ்வளவு ஆசாரம்!

அந்த வருஷம் ஏறிய மறுநாளே வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம். நெருப்புக் கங்கை வைத்து அழுத்தினாற்போல எரிந்தது. பூரான் கடித்ததா, முள் ஏறியதா, ஒன்றும் புரியவில்லை. முதல்நாள் மலைக்காரர்கள் போட்ட சாமைச் சோற்றின் மேல்கூடச் சந்தேகம் வந்தது. யாராவது ஏதாவது செய்துவிட்டார்களோ என்று நினைத்தேன். கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் போல ஒன்று அதிலிருந்து எட்டிப் பார்த்ததும் அலறிவிட்டேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கீழே அறுவடை வேலைக்குப் போய் வந்த அவர் கணவருக்கும் இது வந்திருந்ததாம்.

"நரம்புச் சிலந்திப் புழுவுங்க சாமி. அவசரப்பட்டு இழுத்தீங்கன்னா அறுந்து போயிரும், அப்பறம் காலுக்கே ஆபத்து. பொறுத்துக்கோங்க" என்றார். அந்தப் புழுவின் நுனியை ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி, குச்சியைக் காலோடு சேர்த்துக் கட்டினார். தினம் ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டுமாம்.

எரிச்சல் பொறுக்கவில்லை. நொண்டிக்கொண்டே அவர்கள் குடிதண்ணீர் எடுக்கும் ஊற்றுக்குப் போய், காலை உள்ளே விடப் போனேன். பின்னாலிருந்து அந்த அம்மா கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க சாமி, வேண்டாமுங்க! புண்ணுக்கால ஊத்துல வெக்கப்படாதுங்க."

ஊற்றுக்குக் கீழே தள்ளி ஒரு பாறையில் என்னை உட்கார வைத்து, குடம் குடமாக மொண்டு வந்து ஊற்றினார். நியாயமாகப் பார்த்தால் நான் அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் கால் பட்டால் உங்கள் தண்ணீர் தீட்டாகிவிடுமா என்று கேட்டேன்.

"தீட்டெல்லாம் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரையும் வெக்க உட்டதில்லீங்க. இங்க அப்படித்தானுங்க வளமொறை" என்றார் அவர், குடத்தைக் கீழே வைக்காமல்.

மறுநாளே அவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் கிளம்பிவிட்டேன். கட்டிய குச்சியோடு, ஊன்றுகோலின் தயவில் மலையிறங்கி, நேராக எங்கள் தெருப் படிக்கிணற்றுக்குப் போனேன். மூன்றாவது படியில் உட்கார்ந்து முழங்கால் வரை தண்ணீரில் விட்டேன். அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! இரண்டு படி தள்ளிக் குடத்தை அமிழ்த்திக்கொண்டிருந்த என் தங்கை, "வலி தேவலையாங்கண்ணா?" என்றாள்.

"நம்மூருத் தண்ணிதான் கண்ணு மருந்து" என்றேன் பெருமையாக.

பதினைந்து நாள் அப்படியே உட்கார்ந்தேன். புழு முழுசாக வெளியே வந்தது. மலைக்காரர்கள் காலைக்கூட நனைக்க விடவில்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த மாசியில் என் தங்கைக்கு முழங்கால் வீங்கியது. தெருவில் இன்னும் மூன்று பேருக்குக் கொப்புளம். எனக்கு முன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் அந்த நோய் வந்ததில்லை. சூடு என்றார்கள், மாரியாத்தா கோபம் என்றார்கள், கூழ் ஊற்றினோம். தங்கை இரவு பகலாக அழுதாள். பிறகுதான் சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். கிணற்றுப் படியைப் பார்த்தார். போன வருஷம் யாருக்கு வந்தது என்று கேட்டார். புண்ணைத் தண்ணீரில் வைத்தால் புழுவின் குஞ்சுகள் அதில் இறங்கிவிடும், அதைக் குடிப்பவர்களுக்கு ஒரு வருஷம் கழித்து நோய் வரும் என்றார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பித் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

தங்கையின் புழு முழங்காலுக்குள்ளேயே அறுந்துபோனது. சீழ் வைத்து ஆறியபோது கால் மடங்கவில்லை.

சித்திரையில் மறுபடி மலையேறினேன், குடுக்கை இல்லாமல். அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, குஞ்சு இறங்கும் விஷயம் உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"அதெல்லாம் எனக்கெப்படிங்க தெரியும்? குடிக்கிற தண்ணியில ஆராச்சும் புண்ண நனைப்பாங்களாங்க?"

ஊற்றில் நீர் மொண்டு தந்தார். குடித்தேன். காய்ச்சல் ஒன்றும் வரவில்லை.

தெரியாமலே காப்பாற்றியவர்களையும், தெரியாமலே கெடுத்த என்னையும் எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார முடியாத என் தங்கை, சுவரோரம் காலை நீட்டி இலையை மடியில் வைத்துச் சாப்பிடும்போதெல்லாம், என் கால்வலி பதினைந்தே நாளில் போய்விட்டதை நினைத்து வெட்கப்படுகிறேன்.