பேச்சியக்காவின் நடையை அளந்தவர்

ஜெபராஜ் சார் போய்விட்டார் என்ற சேதி, காலை ஷிப்டுக்குள் நுழையும்போது வந்தது. பேச்சியக்கா மில் வாசலிலேயே என்னை மறித்தாள். "ஏளா, நம்ம வாட்சு சாரு போயிட்டாவளாம். நாலு மணிக்குப் பாளையங்கோட்டையில அடக்கம்." எதற்கும் ஒரு கேலி கைவசம் வைத்திருப்பவள் நான். அன்றைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவரைப் பற்றிப் பழைய ஆட்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த நூல் மில்லுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேலை பார்க்க முடியும் என்று அளப்பதுதான் அவர் உத்தியோகம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை.

அவர் முதலில் வந்து நின்றது என் மிஷின் முன்னால்தான். அறுந்த இழையைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டே நடப்பது எங்கள் வேலை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள். படித்த மனுஷர் ஒருவர் என்னைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறார் என்றதும் தலைகால் புரியவில்லை. "என்ன சார், மாட்டுவண்டிப் பந்தயமா? எம்மேல கட்டுங்க, தோக்க மாட்டிய" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அரை மணி நேரம், ஓர் இழைகூட அறுந்து தொங்கவில்லை.

அவர் எழுதிய அந்தக் காகிதம் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. இனி எல்லோருக்கும் என் ஓட்டம்தான் அளவு, எட்டாதவர்களுக்கு வேலை கிடையாது என்று சோற்று நேரத்துக்குள் தெரிந்துபோனது. பேச்சியக்காவுக்கு இரண்டு முழங்காலும் வீக்கம். அவள் வேலைக்கு வந்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும். கை கழுவுகிற இடத்தில் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "சிரிச்சுக்கிட்டே எஞ்சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே ளா."

மறுநாள் விடிந்ததும் சாரிடம் ஓடினேன். "அதக் கிழிச்சுப் போடுங்க சார். நான் சும்மா வெளயாட்டுக்கு ஓடுனேன்."

"கிழிக்க மாட்டேன்மா. அளந்தது அளந்ததுதான்" என்றார். "ஆனா இன்னும் அளந்து முடியல."

மேனேஜர் அங்கேயே இருந்தார். "அப்போ ஒரு ஆளு எவ்வளவு பாக்கும்? ஒத்த வரியில சொல்லும்."

"எந்த ஆளு சார்? எத்தன மணிக்கு?" என்று சார் திருப்பிக் கேட்டார். அரை மணி அளவு செல்லாது, அதே ஆளை முழு ஷிப்டும் அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

அன்றே என்னை மறுபடி அளக்கத் தொடங்கியதும், மெல்ல நடந்து தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வாட்சை நிறுத்திவிட்டார். பக்கத்தில் வந்து, "நடிக்காதிய. மேனேஜர் பாத்துக்கிட்டு நிக்காரு. நேத்து ஓடுன மாதிரியே ஓடுங்க" என்றார்.

"ஓடிட்டேன்னா அக்கா கதி?"

"ஓடுங்கம்மா."

அடுத்த மிஷினில் பேச்சியக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த மனுஷரை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடினேன். பதினோரு மணிக்குத் தகரக் கூரை காய ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு என்று இழைகள் தொங்கின. ஒரு மணிக்கு மேல் கை ஓய்ந்து, ஒட்டிய இழையே மறுபடி அறுந்தது. நான் நடிக்கவில்லை. முடியவில்லை, அவ்வளவுதான்.

சார் மேனேஜரைப் பேச்சியக்காவின் மிஷினுக்குக் கூட்டிப்போனார். அவள் காலையில் நடந்த அதே நடையில், பைய நடந்துகொண்டிருந்தாள். என் மிஷினில் தொங்கியதில் பாதிகூட அவளுடையதில் இல்லை. மேனேஜர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். அன்று சாயங்காலம் எல்லோருக்குமான அளவாகக் காகிதத்தில் ஏறியது பேச்சியக்காவின் நடை.

அவரை ஒரேயடியாக நல்லவராக்கிவிடவும் மாட்டேன். அந்தக் காகிதத்தில் எனக்கென்று ஒரு வரி தனியாக எழுதியிருந்தார்: 'வாயாடியது, பதினோரு நிமிடம்.' "இது எதுக்கு சார்?" என்றேன். "அதுவும் நடந்துச்சுல்லா" என்றார்.

இப்போது எங்கள் மிஷின் ஒவ்வொன்றிலும் ஒரு திரை இருக்கிறது. ஆளே நிற்காமல் அதுவே அளக்கிறது. அடக்கத்துக்குப் போய்வந்த மறுநாள், புது ஆபீசர் திரையைக் காட்டி, "பேச்சியம்மா கணக்கு ஏன் கொறையுது?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். சாரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதையே கேட்டேன்:

"எத்தன மணிக்கு சார்?"

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். அதில் மொத்தக் கணக்குதான் இருந்தது, எத்தனை மணிக்கு என்பது இல்லை. பதில் வரும்வரை நானும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.