ஆடியில் போட்ட கையெழுத்து

இங்கே வந்த முதல் வாரம் தினமும் ஒரு கூத்து நடந்தது. பயிற்சிக்குக் கோர்ட்டில் கால் வைக்கும் முன் நான் குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். நம் பக்கம் ஆட இறங்குகிற எவரும் செய்வதுதான். நான் நிமிர்வதற்குள் டீமில் ஒருத்தி துண்டோடு ஓடி வந்து, நான் தொட்ட இடத்தைப் பரபரவென்று துடைப்பாள். தரையில் ஈரம் இருக்கிறது, புதிதாக வந்தவள் விரல் வைத்துக் காட்டுகிறாள் என்று அவள் நினைப்பு. "ஈரமில்லை" என்றேன். "இப்போது இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஃபின்லாந்துக்காரர்கள் காரணம் கேட்பதில்லை; குறை கண்ணில் பட்டால் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விளக்கிச் சொல்ல எனக்கும் ஆங்கிலம் காணாது. சாமி, பூமி என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடிப்பது? துடைக்கிறவரை துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் அரியக்குடிக்காரி. காரைக்குடியில் கல்லூரி முடித்த கையோடு, ஏரிக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரின் கிளப்புக்கு வாலிபால் ஆட வந்தவள். என் இடம் லிபரோ. வலைக்குப் பக்கத்தில் எகிறி அடிக்கிற வேலை எனக்கில்லை. எதிரணி அடிக்கிற பந்தைத் தரையில் விழவிடாமல் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. உயரம் போதாதவர்களுக்கென்று ஆண்டவன் ஒதுக்கிவைத்த இடம். கடைசி வருடம் என் போட்டி வீடியோக்களை மானம் ரோஷம் பார்க்காமல் கண்ட கண்ட நாட்டு கிளப்புகளுக்கெல்லாம் அனுப்பினேன். இந்த ஒரு கிளப் மட்டும்தான் வா என்றது. ஒப்பந்தமும் வந்தது. வந்த நேரம் பாருங்கள், ஆடி மாதம்.

அந்த ஆடியில் எனக்கு ஒரு நன்மையும் இருந்தது. நான் பழகியதெல்லாம் மண் மைதானம். வானத்தை வைத்தே பந்தின் உயரத்தை அளந்த கண், கூரைக்கும் விளக்குக்கும் கீழே தடுமாறும். இங்கேயோ ஆட்டமெல்லாம் உள்ளரங்கத்தில். வந்து முதல் சர்வீஸிலேயே முழிக்கக் கூடாதே! காரைக்குடியில் உள்ளரங்கத்துக்கு எங்கே போவது? எங்கள் கல்லூரி டீமில் பந்து ஏற்றிக்கொடுக்கும் செட்டராக இருந்த சபீனாதான் கல்யாண மண்டபத்தைக் காட்டினாள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சும்மாதானே கிடக்கிறது! மண்டபத்துக்கார ஆச்சியிடம் போய்க் கேட்டோம். "வெளாடிக்கிட்டுப் போங்க. மேல தொங்குற லைட்ட மட்டும் ஒடச்சுப்புடாதீக" என்றார். தினமும் காலையில் மணமேடையிலிருந்து சபீனா சர்வீஸ் போட, பந்திக்கூடத்துப் பக்கம் நின்று நான் எடுப்பேன். "உன்னைய மணமேடைக்கு எதுக்க நிக்கவைக்க இந்த ஒரு வழிதான்டி இருக்கு" என்று அவள் கேலி செய்வாள்.

அவள் கேலியில் விஷயம் இருந்தது. ஆவணியில் பெண் பார்க்க வரச்சொல்லி அப்பா கண்டனூர்க்காரர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஒப்பந்தத்தைக் காட்டியபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் சண்டை போட்டிருப்பேன். "ஆடியில எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாதுத்தா. ஆவணி பொறக்கட்டும், போட்டுக்கலாம். அங்குட்டு உள்ளவகளுக்கு எழுதிக் கேளு. அவுகளும் மனுசங்கதானே?" என்றார். நானும் புத்தியில்லாமல் கேட்டேன். இது எங்களுக்கு ஆகாத மாதம், அடுத்த மாதம் கையெழுத்துப் போடுகிறேன் என்று கிளப் மேனேஜர் ரீத்தாவுக்கு எழுதினேன். அவளிடமிருந்து நாலு வரியில் பதில் வந்தது. வேறு கிளப்போடு பேசிக்கொண்டிருந்தால் நேராகச் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் இன்னொரு ஆட்டக்காரியை எடுத்துக்கொள்வோம். இருந்ததே ஒரு கிளப், அதுவும் போனால் அப்புறம் மணமேடைதான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அப்பா வயலில் கடலை விதைத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கடலை போட்டுட்டு வாரீகளே, இது எந்த மாசம்?"

"ஏன், ஆடிதான்."

"அது மட்டும் நல்ல காரியம் இல்லையாக்கும்?"

"அது மண்ணுத்தா. அதுவும் இதுவும் ஒண்ணா?"

"எனக்கும் தரைதானப்பா பொழப்பு."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு ஆடி வெள்ளி. அம்மனுக்கே உகந்த நாளு. அதுல போட்டா ஒண்ணும் குத்தமில்ல" என்றாள். "நீ சும்மா இரு" என்று அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பயிற்சிக்கு நடுவே, வேர்த்த விரலால் செல்போனில் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை விரல் வழுக்கியது. சபீனாவின் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். ஒளித்துவைக்க எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போனதும் "போட்டுட்டேன்ப்பா" என்றேன். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கண்டனூருக்குப் போன் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீக. பிள்ளை வெளாட வெளிநாடு போகுது. இந்த ஆவணிக்குத் தோதுப்படாது." போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "எந்த ஆவணின்னு கேக்குறாக. என்னத்தச் சொல்ல?"

"தெரியலன்னு சொல்லுங்கப்பா."

அப்படியே சொன்னார். கொடுத்த வாக்கை அவர் திரும்ப வாங்கி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் போகாமல் இருந்துவிடலாம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அன்றைக்கும் மண்டபத்துக்குப் போனேன்.

இங்கே முதல் மேட்சில் நன்றாகவே சொதப்பினேன். கல்யாண மண்டபத்து லைட் வேறு, இந்த ஊர் லைட் வேறு. மூன்றாவது மேட்சிலிருந்து பந்து சொன்னபடி கேட்டது. பனி காலைத் தின்றது, சோறு தேடி அலைந்தேன், பேச ஆளில்லாமல் கண்ணாடியிடம் பேசினேன். இதெல்லாம் நம் ஊரிலிருந்து வந்து இங்கே இருக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிர் குறைந்த ஒருநாள், காபி குடிக்கும்போது ரீத்தாவிடம் ஆடி மாதக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "எங்களுக்கு நவம்பர் அப்படித்தான். எதையும் தொடங்க மனசு வராது. ஆனால் மேட்ச் இருக்கிறதே" என்றாள். ஆடி எப்போது வரும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

போன வாரம் அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் நீட்டினாள். கையோடு ஒரு பேனாவையும் கொடுத்து, அலுவலகச் சுவரில் தொங்கிய காலண்டரில் அந்த மாதத்தைக் குறிக்கச் சொன்னாள். அதற்கு முன்பே கையெழுத்தை முடித்துவிடலாமாம். நாலு வார்த்தை பேசவே யோசிக்கிற பெண், எனக்காக ஒரு மாதத்தை ஒதுக்கிவைக்கிறாள்! ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே தமிழில் 'ஆடி' என்று எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"ஏத்தா, கண்டனூர்க்காரக மறுபடி கேட்டு விட்டுருக்காக. இந்த ஆவணிக்காவது தோதுப்படுமா?"

காலண்டரைப் பார்த்தேன். ஆவணியில் விழுகிற ஒரு கட்டத்தில் நீல மையில் பயிற்சித் தொடக்கம் என்று அவர்கள் பாஷையில் எழுதியிருந்தது.

"ஆவணியில இங்க பயிற்சி தொடங்குதுப்பா. இன்னொரு வருசத்துக்கும் போடப் போறேன்."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் எங்கள் வீட்டு மாதக் காலண்டர் ஆணியில் உரசித் திரும்புகிற சத்தம் கேட்டது.

"என்னைக்குத் தொடங்குது? தேதியச் சொல்லு."

சொன்னேன்.

"நல்ல முகூர்த்த நாளாத்தான் இருக்கு. இரு, பேனா எடுத்துக்கிறேன்" என்றார். அவர் அங்கே எழுதி முடிக்கிறவரை நான் இங்கே அதே கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.